ஜாவா 8, ஸ்விங்: சர்வர் பதிலுக்குக் காத்திருக்கும்போது எடைமேடைத் திரை உறைந்துவிடுகிறது. சிங்க்ரனஸாக (பதில் வரும் வரை காத்திருந்து) அனுப்புவதே தப்பா?

எடைமேடை_காவேரிப்பட்டணம்:

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் எடைமேடைக்கு நான் எழுதிக்கொடுத்த நிரலைப் பற்றிய கேள்வி இது. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிரல் செய்யும் வேலை எளிது. லோடு வண்டி மேடை ஏறும். எடை காட்டும் இண்டிகேட்டரிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எடை வரும். ஆபரேட்டர் வண்டி எண், விவசாயி பெயர், ரகம் பெங்களூராவா அல்போன்சாவா என்பதையெல்லாம் தட்டி 'சேமி' பட்டனை அழுத்துவார். நிரல் அதைத் தலைமை அலுவலக சர்வருக்கு போஸ்ட் செய்யும் (எச்டிடிபி வழியாக அனுப்பும்). சர்வர் ஒரு சீட்டு எண்ணைத் திருப்பித் தரும். அந்த எண்ணோடு சீட்டு அச்சாகும். வண்டி உள்ளே போய்க் காயைக் கொட்டிவிட்டு வந்து வெறும் வண்டியாக மறுபடி மேடை ஏறும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் விவசாயிக்குப் பணம்.

ஜாவா 8, திரைக்கு ஸ்விங், சர்வரோடு பேச எச்டிடிபி யூஆர்எல் கனெக்‌ஷன். வெளி லைப்ரரி எதுவும் இல்லை. 'சேமி' பட்டனின் ஆக்‌ஷன் லிசனருக்குள்ளேயே போஸ்ட் செய்து, பதிலைப் படித்து, அச்சடிக்கிறேன்.

கேபிள் பிராட்பேண்ட் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. இந்த சீசனில் ரோடு வேலையில் கேபிள் அறுந்துவிட்டது, 4ஜி ரௌட்டர் வைத்திருக்கிறார்கள். சிக்னல் வரும், போகும். அப்போதெல்லாம் திரை உறைந்துவிடுகிறது.

போன வியாழக்கிழமை இரவு ஒரு மணி சுமாருக்கு ஆபரேட்டர் போன் செய்தார். "அண்ணா, திரை வெள்ளையா நிக்குது, எதை அழுத்தினாலும் கேக்கல." நான் பைக்கில் போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. மேடை மேல் ஒரு டிராக்டர். அதன் பின்னால் ஈச்சர், டாடா ஏஸ், மறுபடி டிராக்டர் என்று வரிசை கேட்டைத் தாண்டி ரோடு வரை போயிருந்தது. மேடையில் நின்ற டிராக்டர் சந்தூர் பக்கத்து விவசாயியுடையது. காலையில் பறித்த காய். அவர் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே கை விட்டு, காய் சூடேறிவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் மனதை அறுக்கிறது.

டாஸ்க் மேனேஜரில் மூடிவிடலாம் என்றால் ஆபரேட்டர் பயந்தார். எடை சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா இல்லையா என்று தெரியாது. போயிருந்தால், மறுபடி போடும்போது அதே லோடு இரண்டு முறை ஏறிவிடும்.

மூடுவதற்கு முன் ஜேஸ்டாக் (நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் ஒவ்வொரு த்ரெட்டும் எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டும் கருவி) போட்டுப் பார்த்தேன். திரையைக் கவனிக்கும் ஏடபிள்யூடி ஈவென்ட்கியூ த்ரெட்டின் உச்சியில் 'சாக்கெட் ரீட் ஜீரோ' என்று இருந்தது. நிலை 'ரன்னபிள்'. ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டுகிறது, ஆனால் எதுவும் நகரவில்லை. இது எனக்குப் புரியவில்லை.

கேட்ட இடமெல்லாம் "எல்லாவற்றையும் ஏசிங்க்காக மாற்று" என்கிறார்கள், அதாவது பதிலுக்குக் காத்திராமல் அனுப்பிவிட்டுப் போகும்படி. ஆனால் எனக்குச் சீட்டு எண் வந்தால்தான் அச்சு. முதல் எடை போன பிறகுதான் இரண்டாவது எடை போக வேண்டும், வரிசை மாறக் கூடாது. சிங்க்ரனஸாக அனுப்புவதே தப்பா, இல்லை நான் செய்த விதம் தப்பா? சீசன் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, மொத்தத்தையும் மாற்றி எழுத நேரம் இல்லை.

ஓசூர்_ஷிப்ட்:

ஜேஸ்டாக் எடுத்துவிட்டுக் கேட்டீர்கள் பாருங்கள், அதனால் ஊகிக்க வேண்டிய வேலையே இல்லை.

முதலில் அந்த 'ரன்னபிள்'. சாக்கெட்டிலிருந்து படிக்கும் வேலை ஜாவாவுக்கு வெளியே, நேட்டிவ் கோடில் நடக்கிறது. அங்கே த்ரெட் உட்கார்ந்து காத்திருந்தாலும் ஜேவிஎம்முக்கு (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருளுக்கு) அது தெரியாது, 'ரன்னபிள்' என்றே எழுதும். உச்சியில் 'சாக்கெட் ரீட் ஜீரோ' இருந்தால், எதிர்முனையிலிருந்து பைட் வரவில்லை, காத்திருக்கிறது என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஏன் அரை மணி நேரம் ஆகியும் விடவில்லை? எச்டிடிபி யூஆர்எல் கனெக்‌ஷனில் கனெக்ட் டைம்அவுட் (இணைப்பு கிடைக்கக் காத்திருக்கும் கெடு), ரீட் டைம்அவுட் (பதிலைப் படிக்கக் காத்திருக்கும் கெடு) இரண்டுக்கும் இயல்பு மதிப்பு 0. பூஜ்யம் என்றால் 'உடனே விடு' இல்லை, 'எப்போதுமே விடாதே'. கனெக்ட் ஆகாவிட்டால் விண்டோஸ் தானாகவே சுமார் 21 நொடியில் கைவிட்டுவிடும், அதனால் அந்தக் குறை வெளியே தெரிந்திருக்காது. ரீடுக்கு அப்படி யாரும் இல்லை. உங்கள் போஸ்ட் முழுதும் போய்ச் சேர்ந்து, சர்வர் பக்கத்து டிசிபி (இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் அடுக்கு) 'வந்தது' என்று ஒப்புக்கொண்ட பிறகு 4ஜி அறுந்திருக்கும். உங்கள் கம்ப்யூட்டரிடம் மறுபடி அனுப்ப ஒன்றும் பாக்கி இல்லை, எனவே இணைப்பு செத்ததைக் கண்டுபிடிக்க அதற்கு வழியும் இல்லை. பேச்சை முடிக்காமல் எதிராளி போனை வைத்துவிட்டார், சத்தம் மட்டும் வரவில்லை, நீங்கள் காதில் வைத்துக்கொண்டே நிற்கிறீர்கள். விடியும் வரை நின்றிருக்கும்.

இன்றைக்கே இரண்டு வரி சேருங்கள். கனெக்ட் டைம்அவுட் 5000, ரீட் டைம்அவுட் 15000, இரண்டும் மில்லி நொடியில். 'கனெக்ட்' அழைப்பதற்கு முன்னால் வைக்க வேண்டும். இவை ஜாவா 5 காலத்திலிருந்தே இருக்கின்றன, எதையும் புதிதாக நிறுவ வேண்டாம். ஒரு விஷயம்: ரீட் டைம்அவுட் மொத்தப் பதிலுக்கான கெடு இல்லை, ஒவ்வொரு முறை படிப்பதற்கும் தனித்தனிக் கெடு. 14 நொடிக்கு ஒரு பைட்டாகச் சொட்டினால் அது அடிக்கவே அடிக்காது. உங்கள் பதில் ஒரு சின்ன எண் என்பதால் கவலை இல்லை.

இரண்டாவது, இடம். ஸ்விங்கில் திரையை வரைவது, பட்டன் அழுத்தலைக் கவனிப்பது எல்லாம் அந்த ஒரே ஈவென்ட் த்ரெட். அதைச் சர்வர் பதிலுக்காக நிறுத்திவைத்தால் திரை வெள்ளையாகத்தான் நிற்கும். டைம்அவுட் வைத்தாலும் 15 நொடி வெள்ளையாக நிற்கும். போஸ்ட் செய்யும் வரிகளை அப்படியே தூக்கி, பின்னணியில் வேலை செய்யும் ஸ்விங்வொர்க்கரின் 'டூ இன் பேக்கிரவுண்ட்' உள்ளே போடுங்கள், அச்சடிப்பதை 'டன்' உள்ளே. உள்ளே இருப்பது அதே சிங்க்ரனஸ் கோடுதான், ஒரு எழுத்து மாறாது. பட்டனை மட்டும் அனுப்பும் நேரத்தில் முடக்கிவையுங்கள், இல்லாவிட்டால் ஆபரேட்டர் இரண்டு முறை அழுத்திவிடுவார்.

ஆக சிங்க்ரனஸ் தப்பில்லை. கெடு இல்லாமல் காத்திருந்ததும், திரையைக் காக்கவைத்ததும்தான் தப்பு.

இன்னொன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். சீட்டு எண்ணை ஏன் சர்வர் தர வேண்டும்? எடை இருப்பது உங்கள் மேடையில். எண்ணையும் மேடையே போட்டால் வண்டிக்காரர் சர்வருக்காக நிற்கவே வேண்டாமே.

பென்னாகரம்_பால்கணக்கு:

ஆபரேட்டர் மூடப் பயந்தார் என்றீர்களே, அந்தப் பயம் நியாயமானது. எங்கள் கதையைச் சொல்கிறேன்.

பால் சொசைட்டிகளுக்குக் கணக்கு நிரல் செய்கிறேன். காலை, மாலை இரு வேளையும் ஒவ்வொருவர் ஊற்றும் பாலின் லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) மூன்றும் ஒரு போஸ்ட்டாகப் போகும். பட்டுவாடா அன்று ஒரு அம்மா நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். செவ்வாய்க்கிழமை மாலை அவர் ஊற்றியது 6.4 லிட்டர், கணினியில் 12.8 ஏறியிருந்தது. அவருக்கு அதிகமாகத்தான் பணம் வருகிறது, வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். "இது என் பால் இல்ல சாமி" என்றார்.

நான் நிரலை மேலும் கீழும் தேடினேன். இரண்டாம் முறை அனுப்பும் வரியே என் கோடில் இல்லை. ஆனால் சர்வர் லாகில் ஒரே நொடியில் இரண்டு போஸ்ட். மூன்று நாள் போயிற்று.

பிறகுதான் கண்டுபிடித்தேன்: எச்டிடிபி யூஆர்எல் கனெக்‌ஷன் தானாகவே போஸ்ட்டைத் திரும்ப அனுப்பும். சர்வர் சரியான பதில் தராமல் இணைப்பை மூடிவிட்டால், உங்களிடம் பிழை என்று சொல்லாமல் அதுவே இன்னொரு முறை அனுப்பிப் பார்க்கும். 'சன் நெட் எச்டிடிபி ரிட்ரை போஸ்ட்' என்ற சிஸ்டம் ப்ராப்பர்ட்டிதான் இதைத் தீர்மானிக்கிறது, அதன் இயல்பு மதிப்பு 'ட்ரூ'. வார்த்தைகளுக்கு நடுவே புள்ளி வைத்து, கடைசி இரண்டை ஒட்டி, நடுவில் வரும் 'பி'யை மட்டும் பெரிய எழுத்தாக எழுத வேண்டும். நிரலைத் தொடங்கும் கட்டளையிலேயே 'ஃபால்ஸ்' என்று கொடுத்துவிடுங்கள். பாதியில் மாற்றினால் எடுபடாது, அந்த கிளாஸ் லோடாகும்போது ஒரே முறை படித்து வைத்துக்கொள்கிறது.

அது பாதி மருந்து. மீதிப் பாதி சர்வரில். ஒவ்வொரு எடைக்கும் 'சேமி' அழுத்திய கணத்திலேயே ஒரு யூயூஐடி (வேறு எதோடும் மோதாத அடையாள எண்) போட்டு அதையும் சேர்த்து அனுப்புங்கள். சர்வர் டேபிளில் அந்த நெடுவரிசைக்கு யூனிக் கட்டுப்பாடு, அதாவது ஒரே ஐடி இரண்டு முறை ஏறக் கூடாது. அதே ஐடி மறுபடி வந்தால் புதிதாகச் சேர்க்காமல் பழைய சீட்டு எண்ணையே திருப்பித் தர வேண்டும். அப்புறம் பத்து முறை அனுப்பினாலும் ஒரு லோடு ஒரு லோடுதான். டைம்அவுட் வைக்கப் போகிறீர்கள் என்பதால் இது இன்னும் அவசியம். டைம்அவுட் ஆனால் 'போகவில்லை' என்று அர்த்தம் இல்லை, 'எனக்குத் தெரியவில்லை' என்றுதான் அர்த்தம்.

பர்கூர்_மூன்றாமாண்டு:

அண்ணா, நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். ஜாவா 11-லேயே புது எச்டிடிபி க்ளையன்ட் வந்துவிட்டதே? அதில் 'சென்ட் ஏசிங்க்' போட்டால் கம்ப்ளீட்டபிள் ஃப்யூச்சர் (பதிலைப் பிறகு தரும் பொருள்) வரும், திரை நிற்காது. ஜாவா 21-ல் வர்ச்சுவல் த்ரெட்டும் (இலேசான த்ரெட்) இருக்கிறது. பழையதையே ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

ஓசூர்_ஷிப்ட்:

நல்ல கேள்வி தம்பி. வசதி இருந்தால் மாறுவதுதான் சரி. 2018-ல் ஜாவா 11-ல் வந்த அந்த க்ளையன்டில் 'சென்ட்' என்பது சிங்க்ரனஸ், 'சென்ட் ஏசிங்க்' மற்றது. போஸ்ட்டைத் தானாகத் திரும்ப அனுப்பும் வழக்கமும் இயல்பில் அதற்கு இல்லை. 404, 500 போன்ற பிழை எண் வந்தால் எக்செப்‌ஷன் வீசாது, ஸ்டேட்டஸ் கோடை நீயே பார்க்க வேண்டும். பழையதில் 'கெட் இன்புட் ஸ்ட்ரீம்' அழைத்ததும் எக்செப்‌ஷன் வந்து, சர்வர் சொன்ன காரணத்தை 'எரர் ஸ்ட்ரீம்' பக்கம் போய்த் தேட வேண்டியிருந்தது.

ஆனால் மாறினால் மட்டும் உறைவது தீராது. அதிலும் நீயாக வைக்காவிட்டால் டைம்அவுட் கிடையாது. க்ளையன்டை உருவாக்கும் பில்டரில் கனெக்ட் டைம்அவுட் ஒன்று, ரிக்வெஸ்டில் டைம்அவுட் ஒன்று. 11, 17, 21 மூன்றிலும் அந்த ரிக்வெஸ்ட் டைம்அவுட் பதிலின் ஹெடர் வரும் வரைதான் காவல் காக்கும், உடல் பகுதி பாதியில் நின்றால் கேட்காது. பெரிய ஃபைல் இறக்கும்போது இதில் அடிபட்டவர்கள் உண்டு. அதோடு, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு க்ளையன்ட் உருவாக்காதே. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு த்ரெட் வைத்துக்கொள்ளும். நிரல் முழுதுக்கும் ஒன்று போதும்.

வர்ச்சுவல் த்ரெட் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் காத்திருக்கும் சர்வருக்கு வரம். எடைமேடையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் நிற்கும். அங்கே காத்திருப்பது த்ரெட் இல்லை, மனிதர். சீசன் நடுவில் ஜாவா பதிப்பை மாற்றி, சீரியல் போர்ட் லைப்ரரி வேலை செய்யவில்லை என்று நடு இரவில் போய் நிற்பதை நான் செய்யச் சொல்ல மாட்டேன்.

எடைமேடை_காவேரிப்பட்டணம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாள் ஆகிறது, நடந்ததை எழுதுகிறேன்.

அன்றைக்கே டைம்அவுட் இரண்டும், ரிட்ரை போஸ்ட் 'ஃபால்ஸ்' என்பதும் போட்டுவிட்டேன். மறுநாள் ஸ்விங்வொர்க்கர். உறைவது நின்றது. ஆனாலும் சிக்னல் இல்லாத நேரத்தில் 15 நொடி கழித்து 'அனுப்ப முடியவில்லை' என்று செய்தி வரும், சீட்டு வராது, வண்டி மேடையிலேயே நிற்கும். ஓசூர் நண்பர் கேட்ட கேள்விதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சீட்டு எண்ணை ஏன் சர்வர் தர வேண்டும்?

தலைமை அலுவலகத்தில் கேட்டேன். முதலில் ஒரே மேடை இருந்தபோது வைத்த வழக்கம் என்றார்கள், வேறு காரணம் இல்லை. மேடை எண், தேதி, அன்றைய வரிசை எண் மூன்றையும் சேர்த்து மேடையே எண் போட ஒத்துக்கொண்டார்கள். யூயூஐடிக்கான நெடுவரிசையும் சேர்த்துக்கொடுத்தார்கள்.

இப்போது 'சேமி' அழுத்தினால் எடை முதலில் அந்தக் கம்ப்யூட்டரிலேயே எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் எழுதப்படுகிறது. எழுதியதும் சீட்டு அச்சாகிறது, வண்டி இறங்கிவிடுகிறது. சர்வருக்கு அனுப்ப ஒரே ஒரு பின்னணி த்ரெட். டேபிளில் பழையதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சிங்க்ரனஸாக அனுப்பி, பதில் வந்த பிறகுதான் அடுத்ததை எடுக்கும். வரிசை மாறாததற்கு இதுவே காரணம். ஏசிங்க்கில் போயிருந்தால் இந்த வரிசையைக் காப்பாற்ற நான் தனியாகப் பாடுபட்டிருக்க வேண்டும். தோற்றால் 30 நொடி விட்டு அதையே மறுபடி அனுப்பும். திரையின் அடியில் 'அனுப்ப வேண்டியவை' என்று ஒரு எண் காட்டுகிறேன்.

இதில் இரண்டு இடத்தில் இடறினேன், பின்னால் வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் காலை அந்த எண் ஏறிக்கொண்டே போனது, இறங்கவில்லை. சிக்னல் முழுசாக இருந்தது. பார்த்தால் வரிசையின் தலையில் ஒரு டிராக்டர். ஆபரேட்டர் எஞ்சின் எண்ணையும் டிரெய்லர் எண்ணையும் ஒரே கட்டத்தில் சேர்த்து அடித்திருக்கிறார். நீளம் அதிகம் என்று சர்வர் 400 சொல்லித் திருப்பியிருக்கிறது. என் நிரல் அதையும் நெட்வொர்க் கோளாறு மாதிரி நினைத்து 30 நொடிக்கு ஒருமுறை அதையே அனுப்பிக்கொண்டிருந்தது, பின்னால் எல்லாம் நின்றுவிட்டது. இப்போது 400 வகைப் பதில் வந்தால் அந்தப் பதிவைத் தனி டேபிளுக்கு நகர்த்திச் சிவப்பில் காட்டுகிறேன், ஆபரேட்டர் திருத்தி மறுபடி விடுவார். 500 வகையும் டைம்அவுட்டும் மட்டும்தான் மறுமுயற்சிக்கு.

இன்னொன்று, 30 நொடிக்கு ஒருமுறை ஓடவைக்க ஷெட்யூல்டு எக்சிகியூட்டர் பயன்படுத்தினேன். அந்த வேலைக்குள்ளிருந்து ஒரு நல் பாயின்டர் எக்செப்‌ஷன் வெளியே தப்பியது. அதோடு சரி, அந்த வேலை மறுபடி ஓடவே இல்லை, ஒரு செய்தியும் இல்லை. வேலை முழுவதையும் ட்ரை-கேட்ச்சுக்குள் வைத்து லாக் எழுதிய பிறகு சரியானது.

பென்னாகரம்_பால்கணக்கு:

ரொம்பச் சந்தோஷம். இரண்டு மேடை இருக்கிறது என்று தெரிகிறதே? முதல் மேடையில் லோடு எடை போட்டு, இரண்டாவதில் வெறும் வண்டி எடை போட்டால் முதல் எடை அந்தக் கம்ப்யூட்டரில் இருக்காதே. என்ன செய்கிறீர்கள்?

எடைமேடை_காவேரிப்பட்டணம்:

சரியாகப் பிடித்தீர்கள் அண்ணா. அந்த ஓர் இடத்தில் மட்டும் வண்டிக்காரர் சர்வருக்காகக் காத்திருந்துதான் ஆக வேண்டும். முதல் எடையைக் கேட்கும் கெட் கோரிக்கைக்குக் கனெக்ட் 3 நொடி, ரீட் 5 நொடி வைத்திருக்கிறேன். அதற்குள் வராவிட்டால் திரையில் இரண்டு பட்டன் வரும்: 'மறுபடி கேள்', 'சீட்டைப் பார்த்துப் பதி'. முதல் சீட்டு வண்டிக்காரர் கையிலேயே இருக்கிறது, அதில் எடை அச்சாகியிருக்கிறது. ஆபரேட்டர் அதைத் தட்டிப் பதியலாம், அந்தப் பதிவுக்கு ஓர் அடையாளம் விழும். சர்வர் திரும்பி வந்ததும் தட்டிய எடையும் அங்கே இருக்கும் எடையும் ஒத்துப்போகிறதா என்று நிரலே சரிபார்க்கும். வேறுபட்டால் அந்த விவசாயியின் கணக்கு அன்று மாலை பில் போடாமல் நிறுத்தப்படும்.

ஞாயிறு இரவு கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு ரௌட்டரின் வயரை நானே பிடுங்கினேன். ஏழு வண்டி ஏறி இறங்கின. ஒவ்வொன்றுக்கும் சீட்டு வந்தது, அடியில் எண் ஏழு வரை ஏறியது. வயரைச் செருகினேன். ஏழு, ஆறு, ஐந்து என்று ஒவ்வொன்றாக இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. சர்வரில் போய்ப் பார்த்தேன், ஏழும் வந்த வரிசையிலேயே இருந்தன.

பர்கூர் தம்பிக்கு: சீசன் முடிந்ததும் ஜாவா 17-க்கும் புது க்ளையன்டுக்கும் மாற்றிப் பார்க்கப் போகிறேன். நேரம் இருந்தால் ஒரு சனிக்கிழமை காவேரிப்பட்டணம் வா, சேர்ந்து செய்யலாம்.